விரல் போன இடத்தில் சேவ் கீ இல்லை

போன வாரம் எங்கள் ஆபீசில் ஒரு பெண் கண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் — ஒரு கீபோர்டு. சிரிக்காதீர்கள், விஷயம் சீரியஸ்.

நான் திருச்சியில் ஓர் இன்ஜினியரிங் கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் குப்பை கொட்டுபவன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். அங்கே ஸ்டோர்ஸ் சரக்குச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் ஸ்டெல்லா. மன்னார்புரத்துப் பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கண் சீட்டில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். இன்னும் புரொபேஷனில்தான் இருக்கிறார். மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீடு.

இதுவரை அவர் முன்னால் இருந்தது டெர்மினல். டிவி மாதிரி ஒரு திரை, கீழே ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மூளை பக்கத்து ஏ.சி. ரூமில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில். போன மாதம் அந்த டெர்மினல் மண்டையைப் போட்டது. பதிலுக்கு ஒரு பி.சி. வந்தது. டெர்மினல் போலவே நடிக்கும் புரோகிராம் ஒன்றை அதில் போட்டு, கொண்டுவந்த இன்ஜினியர் ஸ்டெல்லாவிடம் சொன்னார்: “எல்லாம் பழைய மாதிரியேதாங்க. நீங்க எதையும் மாத்திக்க வேணாம்.”

மறுநாளே ஆரம்பித்தது தலைவலி. போல்ட் சீட்டைக் காணோம். வாஷர் எண்ணிக்கை பேரிங்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டோர்ஸ்காரர்கள் மேனேஜரிடம் போய்க் கத்த, மேனேஜர் எங்கள் அறைக்கு வந்து எல்லார் எதிரிலும் கத்தினார்.

“ஏம்மா, கவனம் எங்க இருக்கு? சேவ் பண்ணாமலேயே அடுத்த சீட்டுக்குப் போனா எப்படி?”

“சேவ் பண்ணிட்டுத்தான் சார் போறேன். சரியாத்தான் அடிக்கிறேன்.”

“அதே மெஷின்லதான் மத்தியானம் வரதாச்சாரி அடிக்கிறார். அவருக்கு மட்டும் ஏன் தப்பு வரலை? பொய் வேற சொல்லாதம்மா!”

 அதன்பிறகு ஸ்டெல்லா கீபோர்டைக் குனிந்து பார்த்து, ஒவ்வொரு கீயாகத் தடவி அடிக்க ஆரம்பித்தார்.  நன்றாக நீந்துகிறவர் தண்ணீரைப் பார்த்துப் பயந்தால் எப்படி இருக்கும்?

“ஸ்டெல்லா, பயப்படாம பழைய வேகத்துல அடிங்க. நான் பின்னால நிக்கிறேன்” என்றேன்.

அடித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன். ஒரு சீட்டு முடிந்ததும் வலது கை மேலே போய் ஒரு கீயைத் தட்டியது. கீபோர்டில் ஒரு குட்டி விளக்கு அணைந்தது. அடுத்த சீட்டு... மறுபடி அதே கீ, விளக்கு எரிந்தது. அட!

பழைய டெர்மினலில் நம்பர் கட்டத்தின் மேல் மூலையில் இருந்தது சேவ் கீ. புதுக் கீபோர்டில் அதே மூலையில் உட்கார்ந்திருப்பது நம்பர் லாக். அது எதையும் சேவ் செய்யாது. ஒரு தட்டு தட்டினால் நம்பர் கீ எல்லாம் அம்புக்குறியாகிவிடும் — எட்டை அழுத்தினால் எட்டு விழாது, கர்சர் மேலே ஓடும். இன்னொரு தட்டில் நம்பர் திரும்பி வரும், சேவ் ஆகாத பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டு ஏறும். சேவ் கீயோ எங்கேயோ இடது பக்கம் ‘எஃப் ஒன்’ என்ற கீயாகக் குடிபோய்விட்டது. வரதாச்சாரி ஒவ்வொரு கீயாகத் தேடி ஒரு விரலால் அடிப்பவர். அதனால் தப்பித்தார்!

மருந்து சுலபம். கமாண்ட் லைனில் ஒரு கட்டளை கொடுத்துவிட்டு கீயைத் தட்டினால், அந்தக் கீயின் எண்ணைத் திரை சொல்லும். இன்னொரு கட்டளையில் அந்த எண்ணை எழுதி, ‘இதைத் தட்டினால் சேவ் என்று அனுப்பு’ என்று சொல்லிவிடலாம். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

“ஒருத்தருக்காக மெஷினை மாத்தறதா? அவங்க மாத்திக்கட்டும்யா.”

மேனேஜரின் முழங்காலில் பெரிய கட்டு. புது பைக் வாங்கிய கையோடு விழுந்து வாரியிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“எப்படி சார் விழுந்தீங்க?”

“பழைய பைக்ல பிரேக்கு இடது கால்ல. இதுல கியர் அங்க இருக்கு. பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிச்சிட்டேன். வருஷக்கணக்கான பழக்கம்யா, கால் தானா போயிடுது!”

“கவனக்குறைவா சார்?”

முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டார். “சரி சரி, மாத்திக் குடு” என்றார்.

மாற்றினேன். அன்று மத்தியானமே ஸ்ரீரங்கத்துக் குரல் ஒன்று உயர்ந்தது. வரதாச்சாரிதான்.

“என்ன ஸ்வாமி பண்ணி வெச்சிருக்கேள்? அம்புக்குறிக்காக நம்பர் லாக்கைத் தட்டினா, வெத்துச் சீட்டு சேவ் ஆறது!”

அவர் சொன்னதும் நியாயம்தானே? ஆளுக்கொரு மேப், அதாவது எந்தக் கீக்கு என்ன வேலை என்ற பட்டியல் எழுதி, ஆள் பெயரையே கட்டளையாக வைத்தேன். காலையில் ‘ஸ்டெல்லா’ என்று அடித்து என்டர் தட்டினால் மூலையில் சேவ். மத்தியானம் வரதாச்சாரி ‘வரதன்’ என்று அடித்தால் அங்கே நம்பர் லாக். ஸ்டெல்லாவின் தலை நிமிர்ந்தது, விரல் பறந்தது, ஒரு சீட்டும் காணாமல் போகவில்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? மெஷின் ஒன்று சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷி வாய்விட்டுச் சொன்னால் சாட்சி கேட்கிறோம். எப்போதிலிருந்து இப்படி ஆனோம்?

நேற்று ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரம் என்று கன்ஃபர்மேஷன் ஆர்டர் வந்தது. ஆளாளுக்கு வாழ்த்து. மணப்பாறை முறுக்கு சுற்றி வந்தது. ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

“என்னங்க, சந்தோஷமில்லையா?” என்றேன்.

“சந்தோஷம்தான் சார். ஆனா எல்லார் முன்னாலயும் என்னைப் பொய் சொல்றேன்னு சொன்னாரு. இல்லைன்னு இன்னும் யாருமே சொல்லலையே?”

ஸ்டெல்லா பொய் சொல்லவில்லை. எங்கள் மேனேஜர் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்.