தாமரை ஒதுங்கிய இருபது பைசா

இன்று பஸ் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் ஒரு நாணயம் அளவுக்கு மீறி மின்னியது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் பைக்குள் போட மனம் வரவில்லை. அம்மா கொடுத்த புத்தி அது.

வில்லியனூர்ப் பக்கத்தில், இப்போது மனை போட்டுவிட்ட இடத்தில், புளியும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணக்கும் ஒரு மளிகைக்கடை இருந்தது. அங்கே அம்மாவுக்கு மீதியாக வந்த மஞ்சள் இருபது பைசா பளபளவென்றிருந்தாலும், நடுவில் இருக்கவேண்டிய தாமரை ஓரத்துக்கு ஒதுங்கி, பாதி இதழ்களைக் காணோம். அம்மா அதைக் கடித்துப் பார்த்தாள், அம்மிக்கல்லில் போட்டுச் சத்தம் கேட்டாள். கடைக்காரரோ தான் கொடுக்கவே இல்லை என்று சாதித்தார். செல்லாக்காசுக்கு எங்கள் ஊரில் ஒரே வழிதான்: ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் உள்ளங்கையை மூடியபடியே காணிக்கைத் தட்டில் போட்டுவிடுவது. அம்மாவும் அப்படியே போட்டாள்.

புதன்கிழமை நான் அதே கடையில் வெல்லம் வாங்கி வந்தபோது, மீதியில் அதே காசு.

"இன்னாடி இது? தட்டு தூக்கினு வர்ற உபதேசியாரு கைய வச்சிட்டாரு பாரு!"

பங்குச் சாமியாரிடம் சொல்லக் கிளம்பிய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் காசைத் தட்டில் போட்டது யார் என்று சாமியார் கேட்பாரே.

அடுத்த ஞாயிறு அதையே மறுபடி போட்டாள், இந்தமுறை கையை விரித்து, தாமரை மேலே தெரியும்படி. உபதேசியார் காசைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தட்டை அடுத்த வரிசைக்கு நகர்த்தினார். அன்றிலிருந்து எங்கள் வரிசைக்கு வந்தால் அவர் அம்மாவின் கையையே பார்ப்பார். அம்மா அவர் கையைப் பார்ப்பாள்.