மாமா சொன்ன சாட்சி, நான் நிறுத்துன மாத்திரை

நான் ஸ்பிரிங்வெளி பக்கம் ஆட்டோ ஓட்டுறேன். மனச்சோர்வுக்கு பதுளை கிளினிக்ல எட்டு மாசமா மாத்திரை எடுத்து, பழையபடி எல்லாரையும் நக்கலடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அதப் பாத்த எங்க மாமா, ஜெபக் கூட்டத்துல என்னையக் கேக்காமலே எந்திரிச்சு, "மருமகன் பூரண சுகமாயிட்டான்"னு சாட்சி சொல்லிட்டாரு. இனிமே மாத்திரை போட்டா அவரு சொன்னது பொய்யாயிடுமாம்! வெக்கத்துல அன்னைக்கே நிறுத்திட்டேன்.

மூணாம் நாள் கண்ணத் திருப்புனாலே மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு. காரணமில்லாம அழுகை. மாமாகிட்ட சொன்னா, "பழைய வியாதி ஓடுதுடா, உதறத்தான் செய்யும்"ங்கிறாரு, பெரிய டாக்டரு!

மறுநாள் அவரையே ஏத்திக்கிட்டு பசறைக்குப் போனேன். வளைவுல தலை கிறுகிறுத்து, ஆட்டோ பள்ளத்துப் பக்கம் இழுத்துருச்சு. ஒரு முழம் மிச்சம் இருக்க பிரேக்க மிதிச்சேன். "கர்த்தாவே!"னு அலறுனாரு.

"இறங்குங்க மாமா! இதையும் போய் சாட்சி சொல்லுங்க!"ன்னு கத்துனேன்.

ஆட்டோவ அங்கேயே ஓரங்கட்டிட்டு, பஸ்ல கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் திட்டுனாரு. "திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் தம்பி. நிறுத்தணும்னா எங்ககிட்ட வாங்க, கொஞ்சங் கொஞ்சமா குறைப்போம்."

தலை தெளியிற வரைக்கும் ஆட்டோவத் தொடல. இப்ப டாக்டர் சொன்னபடி மாத்திரை போடுறேன், ஜெபத்துக்கும் போறேன். யாராச்சும் என் சுகத்தப் பத்திப் பேசுனா அங்கேயே எந்திரிச்சு, "இன்னும் மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன்"னு சத்தமா சொல்லிடுறேன். மாமா தலையக் குனிஞ்சுக்கிறாரு. நல்லா குனியட்டும்.