எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஊரில் இங்கிலீஷ் பழகுவது

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைப் படிக்கவைக்க எங்கள் ஊருக்கு வருகிறவர்கள், கூடவே தாங்களும் இங்கிலீஷ் பேசிப் பழகலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், எப்படியோ விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறார்கள். நான் கொடைக்கானலில் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள். எந்தப் புத்தகம் வாங்கலாம், போனில் எந்த ஆப் நல்லது என்று கேட்பார்கள். புத்தகம் கிடக்கட்டும், எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல மனசிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள் என்பேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

விளையாட்டில்லை. எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்த கொரியாக்காரப் பெண்ணிடம் நான் கற்றுக்கொண்ட சங்கதி அது. அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. பன்னிரண்டு வயது மகளை இங்கே ஒரு பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டு, அவளுக்குச் சமைத்துப்போடத் தானும் வந்து தங்கியிருந்தாள். கணவர் கொரியாவிலேயே வேலையில். அந்த ஊர்ப் பள்ளியில் தூக்கமில்லாமல் படித்துப் படித்து மகள் நோயில் விழுந்துவிட்டாளாம். மலைக்காற்றில் தேறட்டும் என்று கூட்டிவந்திருந்தாள். தேறவும் செய்தாள். வந்த புதிதில் காகிதம் மாதிரி வெளுத்திருந்த கன்னத்தில், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சிவப்பு ஏறிவிட்டது.

அந்த மழைக்காலம் இப்போது நினைத்தாலும் கனவில் நடந்தது போலத்தான் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து, அடுப்படிவரை போய், யாரையும் கேட்காமல் திரும்பிப் போகும். கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாது. மாடியிலிருந்து அம்மாவும் மகளும் தங்கள் பாஷையில் மெதுவாகப் பேசிக்கொள்வது கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வார்த்தை புரியாது. புரியாததாலேயே கேட்க நன்றாக இருக்கும்.

சாயங்காலங்களில் நானும் அவளும் நடக்கப் போவோம். நான் இங்கிலீஷில் பேச்சுக் கொடுக்க வேண்டும், அவள் பேசிப் பழக வேண்டும், அதுதான் ஏற்பாடு. என்னை அக்கா என்பாள். கடைவீதியில் யாரோ சொல்லக் கேட்டுப் பிடித்துக்கொண்டது.

ஆனால் எங்கே பேசினாள்? எங்கே பேசவிட்டோம்? காய்கறிக் கடைக்காரரிடம் போய் நிற்பாள். “ஐ வாண்ட்...” என்று ஆரம்பித்ததும் அவர் துள்ளி எழுந்துவிடுவார். “கேரட்டா? முட்டக்கோசா? முள்ளங்கியா தாயி? இந்தா, எல்லாத்துலயும் கொஞ்சம் போடுறேன்!” பை நிறைந்துவிடும். அவள் தலையாட்டிவிட்டு வருவாள். என்ன அண்ணே, அவளைக் கொஞ்சம் பேசவிடுங்களேன் என்று ஒருநாள் கேட்டதற்கு, “போங்க டீச்சர், பாவம் புள்ள வாயத் தொறக்க என்னா பாடு படுது. கண்ணக் காட்டுனா போதாதா, நமக்குத் தெரியாதா?” என்று என்மேல் பாய்ந்தார்.

எள் என்றால் எண்ணெயாக நிற்பதுதானே எங்கள் பக்கத்து உபசாரம். வந்தவர் கேட்டு, அப்புறம் நாம் கொடுத்தால் அது மரியாதைக் குறைவு. என் வீட்டுக்காரர் இதில் எல்லோரையும் மிஞ்சினவர். அவள் மாடிப்படியில் இறங்கி “சார்...” என்றாலே போதும், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவர் பயந்துகொண்டே இருப்பார், அவளுக்கு ஏதோ குறை வந்துவிட்டதோ என்று. ஒருநாள் அவள் இறங்கிவந்து, “சார், ரெயின்...” என்றாள். பாய்ந்துபோய்க் குடையை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் அழகாயிருக்கிறது என்று சொல்ல வந்தாளாம். அதை அவள் மகள்தான் பின்னால் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

மகளிடம் இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். கேஸ் சிலிண்டருக்குப் போன் போடுவது, பேங்கில் பேசுவது, பல்வலிக்கு டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போய் விளக்குவது, பண்ணைக்காட்டுப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது, எல்லாச் சோலியும் அவள்தான். பள்ளிவிட்டு வந்து பையை இறக்கிவைப்பதற்குள் அம்மா ஏதாவது ஒன்றோடு வாசலில் காத்திருப்பாள். “புள்ளன்னா இப்பிடி இருக்கணும்டி” என்று என் வகுப்புப் பிள்ளைகளிடமெல்லாம் நான் சொல்லித் திரிந்தேன்.

அப்படி இருக்கும்போது மகளின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை, கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இப்படியே போனால் ஒரு வகுப்பு இறக்கிப்போட வேண்டியிருக்கும், வந்து பேசுங்கள். என் சமையற்கட்டு வாசலில் நின்று, அம்மாவுக்கு அதைப் படித்து விளக்கியதும் மகள்தான். தன்மேல் வந்த புகாரைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்.

இறக்கிப்போட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள் என்று அவள் அப்பா போனில் சொல்லிவிட்டார். திரும்பினால் பழைய பள்ளி, பழைய நோய். அன்று அம்மாக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளைக் காட்டி வேண்டாமென்று தலையசைத்தாள், என்னைக் காட்டியும் வேண்டாமென்று தலையசைத்தாள், பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்தாள். பள்ளியில் தானே பேசப்போகிறாளாம். “ஐ வாண்ட்” தாண்டாத வாய்!

ஊர் சும்மா இருக்குமா? வீட்டு ஏக்கம் என்றார் காய்கறிக்காரர். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் என் வீட்டுக்காரர். கூடப் படிக்கிறதுகள் கேலி செய்கின்றன, அவ்வளவுதான் என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மகளைக் கேட்டால், தெரியாது என்பாள். அம்மாக்காரி எங்கள் எல்லோருக்கும் தலையாட்டினாள். அவள் மனசில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், வட்டக்கானல் தாண்டி, வெள்ளகவி கிராமத்துக்கு ஒற்றையடிப் பாதை இறங்குகிற இடம்வரை நடந்தோம். திடீரென்று பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து எங்களை மூடிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரு பாறையைத் தடவி உட்கார்ந்தோம். பக்கத்தில்தான் இருந்தாள், ஆனால் முகம் இல்லை, கைஜாடை இல்லை. அவள் பேச ஆரம்பித்தாள், நின்றாள். வழக்கம்போல முடித்துவைக்க வாயெடுத்தேன். எதை வைத்து முடிப்பது? பார்க்க முகம் இருந்தால்தானே ஊகிக்க முடியும்! வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது, நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. எங்கேயோ கீழே தண்ணீர் விழுகிற சத்தம். ஈரத்தில் தைல மரங்களின் வாசனை. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “என் ஊரில்... பனி விழும் ராத்திரி... சத்தம் எல்லாம் நின்றுபோகும். சின்ன வயதில் நான்... உலகம் எனக்குச் செவிடாகிவிட்டது என்று அழுதேன். இங்கே மேகம் வந்தால்... சத்தம் நிற்பதில்லை. அதனால் பயமில்லை.” முழுசாகச் சொல்லி முடித்தாள். இங்கிலீஷில்தான்! இலக்கணம் அங்கங்கே நொண்டியது, அதனால் என்ன? அடிப்பாவி, இவ்வளவையும் எங்கே வைத்திருந்தாய் என்று தமிழிலேயே சொல்லி அவள் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நடக்கும்போது நான் முன்னால், அவள் பின்னால். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் வாய் சும்மா இருக்காதே. என் முதுகோடு பேசிப் பேசி அவளுக்கு நாக்கு அசைய ஆரம்பித்தது. இன்றைக்கு யோசனை கேட்டு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்காத ஆளாகப் பார்த்துப் பேசுங்கள்.

பள்ளிக்குப் போன அன்றைக்கு வெள்ளனே எழுந்து தலைக்குக் குளித்திருந்தாள். மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வகுப்பு டீச்சர் இளம்பெண், தங்கமான முகம். உட்காரச் சொன்னார். அம்மாக்காரி முதலில் மகளைப் பார்த்து, “கோ. அவுட்சைடு. ப்ளே” என்றாள். மகள் என்னைப் பார்த்தாள், நம்பிக்கையில்லாமல் எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

“மை டாட்டர்...” என்றாள் அம்மாக்காரி. நின்றாள்.

“வீட்டு ஞாபகமா? சாப்பாடு பிரச்சினையா?” என்று டீச்சர் ஆசையாக முன்னால் குனிந்தார். “கிளாஸ்ல யாராவது...”

“கொஞ்சம் பொறுங்க டீச்சர்” என்றேன் தமிழில். “அவளே சொல்லுவா. நீங்க அந்த ஜன்னலப் பாருங்க. நானும் பாக்குறேன்.” டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் திரும்பினார். இரண்டு பேரும் கண்ணாடியில் இறங்குகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மௌனம் என்னால் தாங்க முடியவில்லை. கேலி பண்றாங்களாம் என்று சொல்லித் தொலைத்துவிடலாமா என்றிருந்தது.

அப்புறம் அவள் பேசினாள். “என் மகளுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்குத்தான் தெரியாது. கடை, பேங்க், கேஸ், டாக்டர்... எல்லா இடத்திலும் அவள்தான் என் வாய். சாயங்காலம் முழுக்கப் பேசுகிறாள். ராத்திரி போனில் அவள் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை வந்தால்... இரண்டு பேருக்கும் நடுவிலும் அவள்தான். உங்கள் வகுப்பில்தான் அவளை யாருக்காகவும் பேசச் சொல்வதில்லை. அங்கே அவள் ஓய்வெடுக்கிறாள். இனிமேல் நான் பேசுவேன். கொஞ்ச நாள் கொடுங்கள்.”

டீச்சர் ஜன்னலைவிட்டுத் திரும்பவேயில்லை. ஊரெல்லாம் கூடி ஊகித்தோமே, கண்ணைக் காட்டினால் போதும் என்றோமே, இது ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லையே. புள்ளன்னா இப்பிடி இருக்கணும் என்று அந்தக் குழந்தையின் தலையில் நானும் அல்லவா ஏற்றிவைத்தேன்.

பரீட்சைவரைக்கும் பார்க்கலாம், வகுப்பை மாற்றவில்லை என்றார் டீச்சர். வெளியே வந்தோம். மகள் வாசல் கேட் பக்கத்தில் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டாள். அம்மாக்காரி இங்கிலீஷிலேயே, “ஐ டோல்ட். ஆல்” என்றாள்.

மகள் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

“இனிமே பேங்க்குக்கு நீயா?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“நான்.”

“கேஸுக்கு?”

“நான்.”

“டாக்டருக்கு?”

“நான்.”

“அப்பாகிட்ட?”

இந்தத் தடவை பதில் வர நேரமானது. நான் சாலையின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“நான்” என்றாள்.

மகள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். அதை அம்மாவின் தோளில் மாட்டிவிட்டு, பெரிய சத்தமாகக் கத்திக்கொண்டே இறக்கத்தில் ஓட ஆரம்பித்தாள்.