தேத்தண்ணி தராத வீடு

அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் சண்டைக்குள் மூக்கை நுழைப்பதற்கென்றே அரசாங்கம் வைத்திருக்கிற ஆள் நான்.

பிரதேச செயலகத்தில் பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கும் கள உத்தியோகத்தர். பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை, அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், அம்மா வெளிநாடு போன பிறகு சமைக்க ஆளில்லை என்று ஒரு தகவல் வந்தால் போதும், அடுத்த பஸ்ஸில் நான் ஏற வேண்டும். உங்களில் யாராவது ஒரு கையில் குடையும் மறு கையில் ஃபைலுமாக மேடு ஏறி இறங்குகிற சாதி என்றால், என் முழங்கால் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பாடு போதாதென்று ஒரு மடத்தனம் செய்தேன். என்னைப் போலவே வேலை பார்க்கும் மேகலா என்ற பெண்ணை வைத்துத் துப்பறியும் நாவல் ஒன்று எழுதினேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு சிறுமி காணாமல் போகிறாள். மேகலா வீடு வீடாக விசாரிக்கிறாள். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கிடைக்கிறது, ஒரு வீட்டில் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அவ்வளவுதான், சிறுமியின் சித்திதான் குற்றவாளி என்று பிடித்துவிடுகிறாள். எழுதும்போது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

பின்னட்டைப் படம்

புனைபெயரில்தான் எழுதினேன். யாருக்கும் தெரியாது என்று தைரியமாக இருந்தேன். அச்சகக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பின்னட்டையில் என் படத்தைப் போட்டுவிட்டார். அதுவும் நல்ல படமா? அடையாள அட்டைக்கு எடுத்த, திருடி மாதிரி முழிக்கிற படம். சண்டை பிடிக்கப் போனால், “ஆளத் தெரியாத புத்தகத்த யாரு மிஸ் வாங்குவா?” என்கிறார் மனுசன்.

புத்தகம் நூலகத்துக்குப் போனது, பள்ளிக்கூடங்களுக்குப் போனது, பிறகு கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. அலுவிகாரையில் ஒரு புருசன் பெண்சாதி. மாதத்துக்கு இரண்டு தடவையாவது அவர்களை நான் விலக்கிவிட வேண்டும். அன்றைக்கும் ரோட்டு வரைக்கும் சத்தம் கேட்டது. நான் படலையைத் திறந்ததும் வீடு கப்சிப் ஆனது. அகப்பையைக் கையில் ஓங்கியபடி நின்ற பெண் அதை மெதுவாகக் கீழே வைத்தாள். என்னடா இது, என் திறமைதான் போல என்று உள்ளே ஒரு பூரிப்பு. அப்போதுதான் புருசனிடம் கிசுகிசுத்தாள்: “வாய மூடுங்க, அந்தப் பொஸ்தகக்கார மிஸ் வந்துட்டாங்க, நம்ம ரெண்டு பேரையும் அடுத்த பொஸ்தகத்துல போட்டுடுவாங்க.”

ஒன்பதாவது கப்

தேத்தண்ணி தராத வீடு சந்தேகத்துக்குரிய வீடு என்று நானே எழுதி அச்சடித்துக் கொடுத்துவிட்டேன் அல்லவா? அதன் பலன் என்ன தெரியுமா? போகிற வீடெல்லாம் கேத்தல் கொதித்துக்கொண்டே இருக்கும். முன்பு ஒரு கப்போடு விட்டவர்கள் இப்போது இரண்டாவது கப்புக்கும் கையைப் பிடித்து இழுத்தார்கள். குடிப்பது ஒரு துன்பம் என்றால், குடித்த பிறகு மலைப்பாதையில் எங்கே போய் ஒதுங்குவது என்பது பெருந்துன்பம். வெளிக்கள வேலை பார்க்கிற பெண்களே, உங்களுக்கு மட்டும்தான் இது புரியும்!

நோன்பு காலத்திலாவது தப்பலாம் என்று, மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் வீட்டு வேலையை அந்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் விஷயம், பத்து நிமிட வேலை. வீட்டுக்கார உம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறார். உதடெல்லாம் வறண்டு போயிருக்கிறது. அப்படியிருந்தும் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பெரிய கப்பில் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு எனக்கு அது ஒன்பதாவது. “ஐயோ, வேணாம், நீங்க நோன்போட இருக்கீங்க” என்று எழுந்தேன். கதவை மறித்துக்கொண்டு சொன்னார்: “நோம்பு எனக்குத்தான் மிஸ், ஒங்களுக்கில்லயே. குடிக்காமப் போனீங்கண்டா எங்கட ஊட்டுலயும் ஆரையோ காணல்லண்டு எழுதிப் போடுவீங்க.”

பெயரில்லாத கடிதம்

இதுவரைக்கும் சிரித்தேன். ஒரு திங்கட்கிழமை வந்த கடிதம் என் சிரிப்பை நிறுத்தியது.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம். கவிஷா, பன்னிரண்டு வயது. பெற்ற தாய் இல்லை. தகப்பன் தம்புள்ளையில் மரக்கறி லொறிகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளையைப் பார்ப்பது சித்தி செல்வராணி. சித்தி பிள்ளைக்கு மொட்டை அடித்து, அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறாள், மூன்று வாரமாகப் பள்ளிக்கூடமும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே பெயர் இல்லை. கடைசி வரி மட்டும் என்னைச் சுட்டது: ‘இந்த வீட்டில் தேத்தண்ணிகூடத் தர மாட்டார்கள், வந்து பாருங்கள்.’

என் புத்தகத்தைப் படித்துவிட்டு, என் துப்பையே எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டேன், பிள்ளை வராதது உண்மைதான். கடிதம் முழுக்க உண்மை என்றால் பிள்ளையை அந்த வீட்டிலிருந்து எடுத்து, கோர்ட் வழியாகச் சிறுவர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். பொய்யென்றால், என் ஒரு தாளினால் ஒரு குடும்பம் உடையும். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். எங்கள் மேலதிகாரி சிவநேசன் ஐயா யாழ்ப்பாணத்து ஆள், அளந்துதான் பேசுவார். என் நாவலையும் படித்தவர். கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பிள்ளை, நீர் கதை எழுதப் போகேல்லை, அறிக்கை எழுதப் போறீர். உம்மட மேகலாவை வீட்டில விட்டிட்டுப் போம்.”

கொதிக்கிற கேத்தல்

மேகலாவை எங்கே விடுவது? பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு உள்ள லயம். ஐந்து வாசலிலிருந்தும் “மிஸ், வாங்க, ஒரு வாய் சாயம் குடிச்சிட்டுப் போங்க” என்று தேத்தண்ணிக்குக் கூப்பிடும் குரல். ஆறாவது வாசலில் செல்வராணி நின்றாள். முப்பது வயதிருக்கும். “வாங்க” என்றாள், சிரிக்கவில்லை. வாசல் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள், கால் இடறி விழப் பார்த்தேன். உள்ளே அடுப்பில் கேத்தல் கொதித்து ஆவி பறக்கிறது. அவளோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளறையான காம்பராவின் கதவு மூடியிருந்தது. பிள்ளை எங்கே என்றேன். “உள்ளதான் இருக்கா. வரமாட்டா” என்றாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒற்றை வார்த்தையில். எழுதுகிற பேனாவையே அவள் பார்த்துக்கொண்டிருப்பது அப்புறம்தான் என் மண்டையில் உறைத்தது. பேனாவைப் பைக்குள் போட்டேன். “தங்கச்சி, கேத்தல் கொதிக்குது. நான் கேட்டா ஒரு தேத்தண்ணி தருவீங்களா?” என்றேன். அவ்வளவுதான், அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “தந்தா, குத்தத்த மறைக்கத் தந்தான்னு எழுதுவீங்க. தராட்டி, தரலன்னு எழுதுவீங்க. நான் என்னதான் மிஸ் செய்யணும்?”

தாழ்ப்பாள்

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. எழுந்து காம்பராக் கதவுக்குப் போனேன். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. கையால் தடவிப் பார்த்தேன், ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை. தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல்: “முடி வளந்த பொறகுதான் வருவேன்!”

விஷயம் இதுதான். பேன் கடித்துத் தலையெல்லாம் புண்ணாகி, டிஸ்பென்சரியில் மொட்டை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சித்தி மொட்டை அடித்துவிட்டாள். கண்ணாடியைப் பார்த்த பிள்ளை ஓவென்று அழுது, யார் கண்ணிலும் பட மாட்டேன் என்று உள்ளே போனவள்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கதவைத் தள்ளித் தள்ளி எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே இருந்ததில்லையாம். செல்வராணி வாசலில் கிடந்த கருங்கல்லைக் காட்டினாள். “இந்த வாசக் கதவுத் தாழ்ப்பாளக் கழட்டித்தான் அவளுக்கு உள்ளுக்குப் போட்டுக் குடுத்தேன். ராத்திரிக்கு நான் வாசக் கதவுக்குக் கல்ல அணச்சு வச்சிட்டுப் படுத்துக்குவேன்.”

இடறிய கல் வாசலிலேயே கிடந்தது. துப்பறியும் புலிக்கு அதுதான் துப்பு என்று தெரியவில்லை! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு விமர்சனம்

கதவோடு பேசினேன். தொப்பி போட்டுக்கொண்டு வரப் பள்ளிக்கூட ரீச்சரிடம் நான் கேட்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து, “நீங்க அந்தப் பொஸ்தகம் எழுதின மிஸ்ஸா?” என்று கேள்வி. ஆமாம் என்றேன். தாழ்ப்பாள் விலகியது. மொட்டைத் தலை, பெரிய கண், கையில் பள்ளிக்கூட நூலகத்து முத்திரையோடு என் நாவல். ஐயோ என்றிருந்தது. பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மேகலா எல்லார்க்கிட்டயும் போய்க் கேக்குறா. சித்திக்கிட்ட மட்டும் ஒண்ணுமே கேக்கலயே, ஏன் மிஸ்?”

அறிக்கை

செல்வராணி தேத்தண்ணி ஊற்றினாள். சீனி தூக்கல், சாயம் கடுப்பு. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். ரீச்சர் தொப்பிக்குச் சம்மதித்தார். அடுத்த திங்கட்கிழமை கவிஷா வெள்ளைத் தொப்பியோடு பள்ளிக்கூடம் போனாள் என்று செய்தி வந்தபோது, அலுவலகம் என்றும் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டேன்.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை, அறிக்கையைக் கொடுத்திருந்தேன். ஒரே பக்கம். பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாள், சித்தியிடமே இருக்க வேண்டும், வாசல் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் தேவை. சிவநேசன் ஐயா இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். “தேத்தண்ணி தந்தவையோ இல்லையோ எண்டு எழுதேல்லை. திருந்தீட்டீர், பிள்ளை.”

இப்போதெல்லாம் ஒரு வீட்டில் தேத்தண்ணி தராவிட்டால் எனக்குச் சந்தேகம் வருவதில்லை, அப்பாடா என்று நிம்மதிதான் வருகிறது.