புலிக்குக் கண் திறந்த ஞாயிறு

மாமல்லபுரத்தில் அப்பா வேலை பார்த்த கடற்கரை ஓட்டலின் வரவேற்பறையில் ஒரு புலி இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. காட்டுச் சுனையில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே அப்பா டை கட்டிக்கொண்டு நிற்பார். தங்க வருகிறவர்களுக்குச் சாவியோடு படத்தின் வயதையும் சேர்த்துச் சொல்லுவார். முதலாளிக்கு அந்தப் படம் என்றால் உயிர்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. போகும்போதெல்லாம் அந்தப் புலியை அண்ணாந்து பார்ப்பேன். மீசை இருந்தது, தண்ணீரைத் தொடும் நாக்குகூட இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் இருட்டு.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நிழல் என்று விட்டிருக்கும். என் தாய்மாமா சாமி சிலை செதுக்குகிறவர். சிலையில் எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியாக, நல்ல நேரம் பார்த்துத்தான் கண் திறப்பார்கள். திறந்த கண் முதலில் பார்ப்பதற்கு எதிரே கண்ணாடி பிடிப்பார்கள். "கண்ணு தொறக்கிற வரிக்கும் அது வெறும் கல்லுதான்" என்பார் மாமா. ஆக, அந்த வெள்ளைக்காரர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார். நூறு வருஷமாக ஒரு புலி குருடாகத் தண்ணீர் குடிக்கிறது, பெரியவர்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இனி நான்தான் திறந்தாக வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

கடற்கரையில் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சி ஒரு மூடி மஞ்சள் எனாமல் வாங்கினேன். அம்மாவின் கண் மையும் பவுடர் டப்பாக் கண்ணாடியும் சாப்பாட்டுக் கூடையில் ஏறின. நாள்காட்டியில் நல்ல நேரம் மூன்றேகாலுக்கு மேல் என்று போட்டிருந்தது. சாப்பாடு கொடுத்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் கிளிஞ்சல் பொறுக்குவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா யாருக்கோ அறை காட்ட மாடிக்குப் போனதும் அவருடைய ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். விரலால் இரண்டு மஞ்சள் பொட்டு, நடுவில் மை. முறைப்படி கண்ணாடியையும் பிடித்தேன்.

"இன்னாம்மா பண்ணி வச்ச?"

அப்பா படிக்கட்டில் நின்றிருந்தார்.

"கண்ணு தொறந்துட்டேம்ப்பா."

அவர் புலியையே வெகுநேரம் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். என்னை இறக்கி, என் விரலில் இருந்த மஞ்சளைத் தன் டையாலேயே துடைத்தார்.

"நேரா வூட்டுக்குப் போ. யாரு கேட்டாலும் நீ இன்னிக்கி இங்க வர்ல."

தூசி தட்டும்போது படத்தில் வண்ணம் உரிந்துவிட்டதாகவும் அதை மறைக்கத் தானே மஞ்சள் வைத்ததாகவும் அப்பா முதலாளியிடம் சொன்னதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து அப்பா டை கட்டவில்லை. அந்த டை என் பொம்மைக்குப் புடவையாயிற்று. அவர் இடுப்பில் இப்போது பெரிய சாவிக்கொத்து ஒன்று தொங்கியது. ஓட்டலின் பின்பக்கம் இருந்த சாமான் அறை இனி அவர் பொறுப்பாம். மொத்த ஓட்டலின் சாவியும் எங்கள் அப்பாவிடம்தான் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதைக் கேட்டு அம்மா ஏன் சமையலறைக்குள் போய்விட்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

புலியையும் கழற்றி அதே அறையில் சாய்த்து வைத்திருப்பதாக அப்பா சொன்னார். தினமும் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய், புலி இன்றைக்கு என்ன பார்த்தது என்று கேட்பேன்.

"வேற இன்னாத்தப் பாக்கும்? நாள் முச்சூடும் என்னியே பாத்துக்கினு கீது."

கண் நன்றாகத் திறந்துவிட்டது என்று நான் கைகொட்டிக் குதித்தேன்.