ராஜினாமா கொடுக்கப் போன திங்கட்கிழமை

1. பிரசங்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது நான் திருச்சுழி பக்கம் ஒரு கால்நடைக் கிளை நிலையத்தில் ஆய்வாளர். சினை ஊசி போடுவது, தடுப்பூசி போடுவது, முதலுதவி பார்ப்பது என் வேலை. பெரிய வைத்தியத்துக்கு டாக்டர் தனியாக உண்டு. ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, நானும் டாக்டரம்மாதான். வீடு பாளையம்பட்டியில். மகள் ஜெசிக்கு ஏழு மாதம்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் ஜெசி. அந்த ஒன்பது வருடமும் எங்கள் சபையே எனக்காக ஜெபித்தது. உபவாசக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை. அவள் பிறந்ததும் ஆளுக்கொரு சட்டை கொண்டுவந்து தொட்டிலை நிரப்பினார்கள். அதனால்தான், பேறுகால விடுப்பு முடிந்து நான் மறுபடி ஸ்கூட்டியை எடுத்தபோது அவர்களுக்கு மனசு கேட்கவில்லை.

"ஜெபிச்சு வாங்குன பிள்ளய விட்டுட்டு மாட்டுக்கு ஊசி போடப் போறாளே" என்று பெண்கள் சங்கத்தில் ஒரு அக்கா என் காதுபடவே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. குழந்தைக்கு முதல் சட்டை தைத்துக் கொடுத்ததே அவர்தான்.

போதகர் எங்கள் சபைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்குக் குடும்ப வாழ்க்கை பற்றிப் பேசினார். இளம் தாய்மாருக்கு வேதம் கொடுத்திருக்கும் முதல் ஊழியம் வீடுதான் என்றார். "தாய் மடிக்கு மாத்தா கர்த்தர் எதையும் படைக்கல" என்றார். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. இருந்தாலும், முழுப் பிரசங்கமும் எனக்கென்றே எழுதியது போலிருந்தது. என் மடியில் ஜெசி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சொல்வது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டம். நானே அதை நம்பினேன்.

அந்த வாரம்தான், பகலில் ஜெசியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமையே சென்னையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொல்லியிருந்தார். இரண்டும் ஒன்றாக வந்ததும் இதுதான் கர்த்தரின் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் கணவர் செல்வராஜ் பாலவனத்தத்தில் பள்ளி ஆசிரியர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதே வேதத்துல வயக்காட்டப் பாத்து வெல பேசி வாங்குற பொம்பளயும் இருக்கா. இருட்டோட எந்திரிச்சு யாவாரம் பாக்குறா. நல்ல மனைவின்னு அவளத்தான் சொல்லியிருக்கு. அவளப் பத்தி ஏன் யாரும் பிரசங்கம் பண்ண மாட்டேங்கிறாக?"

"அவளுக்கு வீட்டுல வேலக்காரிக இருந்தாக. அதையும் வேதத்துலயே போட்டிருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்ததும், "ஒம் மனசுக்கு எது சமாதானமோ அதச் செய்யி. நாளைக்கு நான் லீவு போட்டுப் பிள்ளயப் பாத்துக்கிறேன்" என்றார்.

2. தலை திரும்பிய கன்று

திங்கட்கிழமை காலை அருப்புக்கோட்டை அலுவலகத்துக்குக் கிளம்பினேன். கடிதம் பையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது போன் அடித்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மிளகாயும் பருத்தியும் போடும் பாண்டியம்மாள். அவர் பசுவுக்குச் சினை ஊசி போட்டது நான்தான்.

"டாக்டரம்மா, மாடு விடியக்காலயிருந்து முக்குது. காலு ரெண்டும் தெரியுது, மூஞ்சியக் காணும். வந்துருங்கத்தா, ரெண்டும் போயிரும் போலருக்கு."

டாக்டருக்குப் போன் போட்டேன். வீரசோழன் பக்கம் தடுப்பூசி முகாமில் இருந்தார். "நான் வர ஒன்றரை மணி நேரம் ஆகும்மா. நீங்க போய்ப் பாருங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு வைங்க" என்றார்.

வண்டியைத் திருப்பினேன். கடிதத்தை மதியம் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தொழுவத்தில் பசு படுத்துவிட்டிருந்தது. கண் சொருகியிருந்தது. கையைச் சோப்புப் போட்டுத் தோள்வரை கழுவி உள்ளே விட்டுப் பார்த்தேன். கன்றின் முன்கால்கள் இரண்டும் பிறப்புவாசலில் இருந்தன. தலை மட்டும் இடதுபுறம் மடங்கி, மூக்கு அதன் விலாவோடு ஒட்டியிருந்தது. அப்படியே காலைப் பிடித்து இழுத்தால் கன்றும் சாகும், மாட்டுக்கும் உள்ளே கிழிந்துவிடும்.

"உயிர் இருக்கா?" என்று போனில் டாக்டர் கேட்டார்.

கன்றின் வாயைத் தேடி விரலை வைத்தேன். லேசாகச் சப்பியது.

"இருக்கு சார். விரலச் சப்புது."

"நல்லது. மாடு முக்காத நேரம் பாத்துக் கன்னுக்குட்டிய உள்ள தள்ளுங்க. இடம் கிடைச்சதும் மூக்க உள்ளங்கையில பொத்திக்கிட்டுத் திருப்புங்க. பல்லு கர்ப்பப்பையில கீறிறக் கூடாது. ஒங்க கை சின்னக் கை. என் கைய விட இதுக்கு அதுதான் நல்லது. அவசரப்படாதீங்க."

மாடு முக்கும்போது என் கை எலும்பு நொறுங்குவது போலிருந்தது. நிறுத்தும்போது தள்ளினேன். தள்ளிய இடத்தை அடுத்த முக்கலில் அது திருப்பி வாங்கிக்கொண்டது. இப்படி எத்தனை தடவை என்று தெரியாது. பாண்டியம்மாள் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கடி, என் தங்கம்" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கை மரத்துப்போன நேரத்தில் மூக்கு உள்ளங்கைக்குள் வந்தது. பொத்திப் பிடித்தேன். தலை மெல்லத் திரும்பி, கால்களுக்கு மேல் வந்து நேராக உட்கார்ந்தது.

அதற்குப்பின் இரண்டு முக்கலில் கன்று வந்துவிட்டது. கிடேரி, பெண் கன்று. ஆனால் மூச்சு இல்லை. மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்தெறிந்தேன். சாக்கை எடுத்து விலாவைத் தேய்த்தேன். ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டுக் குடைந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி குடைந்தேன். கன்று தும்மியது. தலையை உதறிக்கொண்டு மெலிதாக ஒரு தடவை கத்தியது.

அந்தச் சத்தம் கேட்டதும் என் இரண்டு மார்பிலும் பால் இறங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. சுரீரென்று இழுத்து, சேலை நனைந்து, மேலே போட்டிருந்த கோட்டும் நனைந்து, இடுப்புவரை வழிந்தது. தோள்வரை ரத்தமும் நீருமாக அப்படியே முழங்கால் போட்டிருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பசு தானாக எழுந்து நின்று, என்னைத் தள்ளிவிட்டுக் கன்றை நக்க ஆரம்பித்தது.

பாண்டியம்மாள் என் கோட்டைப் பார்த்தார்.

"ஏத்தா, நீ பால் குடுக்குற பிள்ளக்காரியா? எத்தன மாசம்?"

"ஏழு."

"பிள்ள அழுதா பெத்தவளுக்குச் சொரக்கும். ஒனக்கு மாட்டுக் கன்னு கத்துனதுக்கே சொரக்குதே!" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, வெந்நீரும் அவருடைய சேலை ஒன்றும் கொடுத்தார்.

அந்த அறையில் நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. தாய் என்றும் வேலைக்குப் போகிறவள் என்றும் நான் என்னை இரண்டாக அறுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை ரோட்டிலும் வைத்திருந்தேன். படைத்தவர் அப்படி அறுத்துப் படைக்கவில்லை என்பது அன்றைக்கு என் உடம்பிலேயே தெரிந்தது. இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. கோவிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவள் போல நின்றேன்.

கடிதத்தை மதியமும் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஜெசிக்குப் பால் கொடுத்துவிட்டு, அதை அடுப்பில் போட்டுவிட்டேன்.

3. போதகர் அம்மா கேட்ட கேள்வி

கடிதம் எரிந்ததால் பிரச்சினை தீரவில்லை. பிள்ளையை யார் பார்ப்பது? செல்வராஜ் எத்தனை நாள் லீவு போட முடியும்?

புதன்கிழமை சாயங்காலம் போதகரும் அவர் மனைவியும் சபையார் வீடுகளைச் சந்திக்கும் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போதகர் அம்மா என்று நாங்கள் கூப்பிடும் அவர் மனைவி அதிகம் பேச மாட்டார். சபையில் பாய் விரிப்பார், பாடுவார், போய்விடுவார். முன்பு ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

நான் மறைக்க விரும்பவில்லை. "ஐயா, ஒங்க பிரசங்கத்தக் கேட்டு வேலய விடப் போனேன். விட முடியல" என்று சொல்லி, திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். பால் இறங்கியதைப் போதகர் முன்னால் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பிறகு அதையும் சொன்னேன்.

போதகர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் போதகர் அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு?"

"இடது பக்கம்மா."

"மொதல்ல உள்ள தள்ளுனியா? முக்கும்போதா, நிறுத்தும்போதா?"

"நிறுத்தும்போது."

"சரியாச் செஞ்சிருக்க. தும்முறதுக்கு எவ்வளவு நேரமாச்சு? வெளிய வந்தப்ப நெறம் எப்படி இருந்துச்சு?"

அவர் குரலே மாறியிருந்தது. கைகள் அந்தரத்தில் ஒரு தலையைத் திருப்பிக்கொண்டிருந்தன. பதினோரு வருடம் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தாராம். முதல் பையன் பிறந்ததும் விட்டுவிட்டாராம். போதகர் தன் மனைவியை, அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இதெல்லாம் எங்கிட்டச் சொன்னதே இல்லையே" என்றார்.

"நீங்க கேட்டதில்லையே" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார்: "கிரேஸு, நான் வேலய விட்டதுக்கு வருத்தப்படல. என் பிள்ளைகளோட இருந்தது எனக்குக் கர்த்தர் குடுத்த ஈவு. அதுக்காக ஒனக்கும் அதேதான் குடுத்திருப்பாருன்னு நான் எப்படிச் சொல்றது? நாளைக்குக் காலையில பிள்ளயக் கொண்டாந்து எங்கிட்ட விடு."

"அம்மா, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"நாமதானே ஒம்பது வருஷம் ஜெபிச்சுக் கேட்டோம்னு சபையில எல்லாரும் சொல்றாக? கேட்டவுக தூக்கவும் வேண்டாமா?"

போதகர் கிளம்பும்போது ஜெசியின் தலையில் கை வைத்து நெடுநேரம் நின்றார்.

4. போதகர் வீட்டு முன்னறை

ஜெசி மறுநாளிலிருந்து போதகர் வீட்டில் வளர்ந்தாள். மூன்று மாதத்தில் அங்கே நான்கு குழந்தைகள். ஒன்று மில்லுக்குப் போகிறவளுடையது. ஒன்று நகராட்சியில் ரோடு கூட்டுகிறவளுடையது, அவள் சபைக்காரி கூட இல்லை. முதலில் என்னைக் குறை சொன்ன அக்காவும் மத்தியானம் வந்து சோறூட்டத் தொடங்கினார். போதகர் முன்னறையைக் குழந்தைகளுக்கு விட்டுவிட்டுச் சமையலறை மேஜையில் பிரசங்கம் எழுதினார். அவர் காலைப் பிடித்துத்தான் ஜெசி எழுந்து நிற்கப் பழகினாள்.

அந்தப் பிரசங்கம் தப்பு என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபத்தில், வியாதியஸ்தருக்கும் பிரயாணம் போகிறவர்களுக்கும் ஜெபித்துவிட்டு நிறுத்தினார். முடித்துவிட்டார் என்று நினைத்தோம்.

"ஆண்டவரே, நாளைக்கு ஆறு மணி ஷிப்டுக்கு மில்லுக்குப் போகிற தாய்மாரை நினைத்தருளும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை, தெருக் கூட்டுகிறவர்களை, காட்டு வேலைக்குப் போகிறவர்களை நினைத்தருளும். வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கிற தாய்மாரையும் நினைத்தருளும். அவரவரை நீர் எங்கே வைத்தீர் என்பது உமக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது."

ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். பெண்கள் பக்கம் முழுக்க முக்காட்டுக்குள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் திங்கட்கிழமையை நினைத்துக் குற்ற உணர்ச்சியோடு இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப்பின் போதகர்கள் மாறிவிட்டார்கள். முன்னறையில் குழந்தைகள் இருப்பது மட்டும் மாறவில்லை. துறைக்குப் புதிதாக வரும் பெண்கள், பிள்ளை பெற்றபின் வேலையை விடலாமா, வேதம் என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை, அது அவரவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. "ஒம் பிள்ளய யாரு பாத்துக்கிறாக?" என்று மட்டும் கேட்கிறேன். யாரும் இல்லை என்றால், பாளையம்பட்டி போதகர் வீட்டுக்கு எந்த டவுன் பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று வழி சொல்கிறேன்.