குழாயடிக்கு வந்த பச்சைக் குறி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் சும்மா. என் அக்காவின் வாய்க்கு ஊரில் ஈடு கிடையாது, ஆனால் ஆபீஸில் அதைத் திறந்தால் வேலை போய்விடும். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். எந்த பாட்டிலையும் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் இயந்திரத்தில் வைப்பாள். பழைய குழாய்களிலிருந்து தண்ணீரில் ஈயம் கலப்பதை இயந்திரம் காட்டும். மேலதிகாரி கையெழுத்துப் போடும் தாளில் மட்டும் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

அந்த ஆத்திரத்தில்தான் இணையத்தில் 'குழாயடி' என்ற பெயரில் எழுத ஆரம்பித்தாள். சண்டை என்று வந்தபின் பெயரில் என்ன நாகரிகம் என்பாள். ஊரே படித்தது. எழுதுவது தன் பெண்டாட்டி என்று தெரியாமலே அத்தானும் படித்தார். குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கினார். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. இணையத்தில் எழுதுகிறவர்கள் அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பொய்யைத் தடுக்கத்தானாம், நம்புங்கள்! பதிவு செய்யாவிட்டால் கணக்கு முடங்கும். அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அட்டையைக் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று அக்கா பதிவு செய்யவில்லை, கணக்கு முடங்கியது. இந்தப் பெயரை யார் எடுக்கப்போகிறார்கள் என்று நானும் நினைத்தேன்.

நேற்று மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் போனை நீட்டினார்.

"குழாயடி காலையில இருந்து மறுபடி எழுதுறா, பார்த்தியா?"

பெயருக்குப் பக்கத்தில் பதிவு செய்தவர் என்று பச்சைக் குறி. வாங்கிப் படித்தேன். அதே நக்கல், அதே "அட போங்கய்யா". "அட போங்கய்யா, அவசரப்பட்டு ஏதேதோ எழுதிட்டேன். நம்ம தண்ணி நல்ல தண்ணிதான்."

அக்கா எட்டிப் பார்த்தாள். "நான் எழுதின மாதிரியே இருக்குடி" என்று என் காதில் சொன்னாள். பயந்துபோனாள் என் அக்கா. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பிறகு உரக்கவே சொல்லிவிட்டாள். "இதை நம்பாதீங்க. குழாயடி நான்தான்."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "இதையும் எழுதியிருக்கா பாரு! 'நான்தான் குழாயடின்னு யாராவது கிளம்புவாங்க, உங்க வீட்டுக்குள்ளயே கிளம்புவாங்க, சிரிச்சுட்டு விட்டுடுங்க'ன்னு."

"கேன் எங்கே?" என்றாள் அக்கா.

"காலையிலேயே திருப்பி அனுப்பிட்டேன். இனிமே எதுக்கு?"

குழந்தை காலி டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டது.